சக்கையில் இருக்கிற சங்கதி

விளையாடிக்கொண்டிருந்த இரண்டரை வயதுக் குழந்தை திடீரென்று நின்றுவிடுகிறது. கதவுக்குப் பின்னாலோ கட்டில் ஓரத்திலோ போய் ஒதுங்குகிறது. குதிகாலைத் தூக்கி, கால்களைப் பின்னிக்கொண்டு, கையில் அகப்பட்டதைப் பிடித்தபடி விறைத்து நிற்கிறது. முகம் சிவக்கிறது, நெற்றி வியர்க்கிறது. "பாவம், பிள்ளை முக்கி முக்கிப் பாக்குது, வெளிக்கே வரமாட்டேங்குது" என்கிறார் பாட்டி. பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் நடப்பது நேர் எதிரானது. குழந்தை மலத்தை வெளியே தள்ளவில்லை. வந்துவிடாதபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆசனவாயில் இரண்டு சுருக்குத் தசைகள் இருக்கின்றன. உள்ளே இருப்பது நம் சொல்பேச்சு கேட்காது. மலக்குடலுக்கு மலம் வந்து சேர்ந்ததும் அது தானாகவே தளரும். வெளியே இருப்பதை நாம் நினைத்தபோது இறுக்கலாம், நினைத்தபோது விடலாம். என்றோ ஒரு நாள் மலம் கெட்டியாக வந்து, மெல்லிய தோலில் ஒரு கீறலை உண்டாக்கிவிடுகிறது. உயிர்போகும் வலி. அந்த வயதுக் குழந்தைக்கு வலியை விவரிக்கத் தெரியாது. ஆனால் எந்த உந்துதலுக்குப் பிறகு அந்த வலி வந்தது என்பது அதற்கு நன்றாகவே நினைவிருக்கும். அடுத்த முறை அதே உந்துதல் வந்ததும் வெளித்தசையை இறுக்குகிறது. சற்று நேரத்தில் உந்துதல் அடங்கிவிடுகிறது, மலம் உள்ளேயே தங்கிவிடுகிறது. தங்கிய ஒவ்வொரு மணிநேரமும் பெருங்குடல் அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சுகிறது. இரண்டு மூன்று நாள் கழித்து வருவது முன்னதைவிடப் பெரியது, முன்னதைவிடக் கெட்டி. வலியும் கூடுதல், பயமும் கூடுதல்.

மலச்சிக்கலோடு வரும் குழந்தைகளில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டோருக்குக் குடலில் எந்த நோயும் கிடையாது. இந்த வலி, பயம், இறுக்கம் என்ற சுழல்தான் காரணம். உணவின் பங்கு இதில் எங்கே வருகிறது? பெரும்பாலும் அந்த முதல் கெட்டி மலத்தில். ஆட்டுப் புழுக்கை போல உருண்டை உருண்டையாக மலம் வரத் தொடங்கும் நாட்களில் தட்டையும் டம்ளரையும் மாற்றினால் பயம் தொடங்குவதற்கு முன்பே தடுத்துவிடலாம். பயம் வேரூன்றிய பிறகு உணவு மட்டும் போதாது. இந்த வேறுபாடு புரியாமல்தான் பல வீடுகளில் மாதக்கணக்கில் ஒவ்வொரு பழமாக மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"தண்ணியே குடிக்க மாட்டேங்குது, அதான்" என்பதே பெரும்பாலான வீடுகளில் முதலில் கண்டுபிடிக்கப்படும் காரணம். வெயில் காலத்தில் ஓடியாடி வியர்க்கும் குழந்தைக்கும், காய்ச்சல் வந்த குழந்தைக்கும் இது உண்மையாக இருக்கலாம். உடம்பில் நீர் குறைந்தால் பெருங்குடல் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சத்தான் செய்யும். ஆனால் ஓரளவு போதுமான நீர் குடிக்கும் குழந்தைக்கு இன்னும் இரண்டு டம்ளர் ஊற்றிக் கொடுப்பதால் மலம் இளகிவிடுமா? 1998-ல் அமெரிக்காவில் 108 குழந்தைகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அளவைவிடப் பாதிப் பங்கு கூடுதலாகத் தண்ணீர் கொடுத்தார்கள். மலம் கழிக்கும் எண்ணிக்கையிலும் சிரமத்திலும் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை.

காரணம் எளிது. வாய் வழியாகப் போகும் வெறும் தண்ணீரில் பெரும்பகுதியைச் சிறுகுடலே உறிஞ்சிவிடுகிறது. மிச்சத்தில் பெரும்பங்கைப் பெருங்குடல் எடுத்துக்கொள்கிறது. வளர்ந்தவர் ஒருவரின் பெருங்குடலுக்குள் ஒரு நாளில் சுமார் ஒன்றரை லிட்டர் நீர் போகிறது. மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லி மட்டுமே. கூடுதலாகக் குடித்தது சிறுநீராகப் போய்விடும். ஆகவே எவ்வளவு தண்ணீர் குடித்தது என்பதோடு, அந்தத் தண்ணீரைக் குடலின் கடைசி வரை பிடித்துக்கொண்டு போக உணவில் என்ன இருந்தது என்றும் பார்க்க வேண்டும். அப்படிப் பிடித்துக்கொண்டு போகக்கூடியவை முக்கியமாக இரண்டு: நார்ச்சத்து, சிறுகுடலால் முழுதாக உறிஞ்ச முடியாத சில வகைச் சர்க்கரைகள்.

நார்ச்சத்து என்றதும் துடைப்பம் மாதிரி குடலைப் பெருக்கும் ஒன்றாகப் பலரும் கற்பனை செய்கிறார்கள். அது செய்வது வேறு. தவிடு, தோல் ஆகியவற்றில் உள்ள கரையாத நார் நீரை ஊறவைத்துக்கொண்டு அப்படியே கடைசி வரை வரும். கொய்யாவின் சதையிலும் வெண்டைக்காயின் வழுவழுப்பிலும் உள்ள கரையும் நாரைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் தின்று பெருகும். மலத்தின் திடப்பகுதியில் கணிசமான பங்கு அந்த பாக்டீரியாக்களின் உடல்களே. அவற்றுக்குள்ளும் நீர் இருக்கிறது. அந்த நீரைப் பெருங்குடலால் எளிதில் பிடுங்கிக்கொள்ள முடியாது. உகாண்டாவில் நெடுங்காலம் பணியாற்றிய அயர்லாந்து அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட் 1972-ல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. கிழங்கும் தானியமும் பயறும் உண்ட உகாண்டா கிராமத்தவரின் மலம், இங்கிலாந்தின் விடுதிப் பள்ளி மாணவர்களின் மலத்தைவிடப் பல மடங்கு எடை கூடியதாக இருந்தது. குடலைக் கடந்துவர எடுத்துக்கொண்ட நேரமும் வெகுவாகக் குறைவு.

இனி நம் சமையலறைக்கு வருவோம். கேழ்வரகை இரவு ஊறவைத்து, காலையில் மிக்ஸியில் அரைத்து, வெள்ளைத் துணியில் ஊற்றிப் பிழிகிறார் அம்மா. கீழே பாத்திரத்தில் வெளிர்நிறப் பால் இறங்குகிறது. அதை அடுப்பில் வைத்து, கட்டி தட்டாமல் கிண்டி, கொஞ்சம் நெய் விட்டு இறக்கினால் மொழுமொழுவென்று கூழ். துணியில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு பிடி சக்கை தங்கியிருக்கும். அது செடிக்குப் போகிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து உண்டு என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டு அட்டவணை சொல்கிறது. அந்த 11 கிராமில் பெரும்பகுதி இப்போது செடியின் வேரில் கிடக்கிறது. குழந்தையின் கிண்ணத்தில் இருப்பது ஏறக்குறைய மாவுச்சத்து மட்டுமே.

ஆறேழு மாதக் குழந்தைக்கு இப்படி வடிகட்டிக் கொடுப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதன்முதலாக வேறு உணவைப் பார்க்கும் வயிறு அது. ஒரு வயது கடந்தும், இரண்டு வயதாகியும் துணியை விடாமல் இருப்பதில்தான் சிக்கல். கேழ்வரகோடு இது நிற்பதுமில்லை. பருப்பைக் கடையாமல் பருப்புத் தண்ணீர், காயை ஒதுக்கிவிட்டுச் சாம்பாரின் நீர், ரசம் பிசைந்த சாதம், தோல் சீவி வேகவைத்து மசித்த ஆப்பிள் என்று குழந்தைக்கு அக்கறையாகச் செய்யும் ஒவ்வொன்றிலும் சக்கை கழிந்துவிடுகிறது. தோலோடு உள்ள ஆப்பிளின் நாரில் ஏறத்தாழ பாதி தோலோடு போய்விடும். தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தில் தொடங்கிய பழக்கம் இது. அந்தப் பயத்துக்கு மசிப்பதே போதும், வடிகட்டத் தேவையில்லை.

மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. வயதோடு ஐந்தைக் கூட்டினால் வரும் எண், ஒரு நாளைக்குத் தேவையான குறைந்தபட்ச நார்ச்சத்து, கிராமில். மூன்று வயதுக் குழந்தைக்கு 8 கிராம். 100 கிராம் வெள்ளை அரிசியில் 3 கிராமுக்கும் குறைவாகவே நார் இருக்கிறது, மைதாவிலும் அப்படித்தான். காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், மாலையில் பாலும் பிஸ்கட்டும், இரவில் தயிர் சாதம் என்று போகும் ஒரு நாளில் குழந்தை வயிறாரத் தின்றிருந்தாலும் அந்த 8-ஐ எட்டாது. அதே நாளில் 30 கிராம் முழுப் பச்சைப்பயறை வேகவைத்து மசித்துச் சேர்த்தால் சுமார் 5 கிராம் வந்துவிடும். பாதிக் கொய்யாப்பழம் இன்னும் இரண்டு மூன்று கிராம் தரும். சோற்றில் உள்ளதையும் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். இதற்கு டப்பாவில் விற்கும் எந்தப் பொடியும் வேண்டியதில்லை. ஒரே நாளில் ஏற்றிவிட்டால் வயிறு உப்பி அழும் என்பதால் ஒன்றிரண்டு வாரத்தில் மெதுவாகக் கூட்ட வேண்டும். நான்கு வயதுக்குள் முழுக் கொண்டைக்கடலையும் வேர்க்கடலையும் மூச்சுக்குழாயில் போய் அடைக்கக்கூடும். மசித்தோ பொடித்தோதான் தர வேண்டும்.

இப்போது டம்ளர். அதாவது பால்.

"சாப்பாடுதான் சரியா சாப்பிடல, பாலாவது குடிக்கட்டும்" என்ற வாக்கியத்தைச் சொல்லாத தமிழ் அம்மா இருப்பாரா என்று தெரியவில்லை. அதன் பின்னால் இருக்கும் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒன்றிலிருந்து மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1000 கலோரி தேவை. ஒரு லிட்டர் பால் சுமார் 600 கலோரி. காலையில் எழுந்ததும் ஒரு பாட்டில், பத்து மணிக்கு ஒன்று, மாலையில் சத்துமாவு பானம் கலந்து ஒன்று, தூங்கும்போது ஒன்று என்று போனால் பாதிக்கு மேல் பசி பாலிலேயே அடங்கிவிடும். பாலில் நார்ச்சத்து துளியும் கிடையாது, இரும்புச்சத்தும் மிகக் குறைவு. சாப்பிடாததால் பால், பால் குடித்ததால் சாப்பாடு இல்லை என்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 மில்லி அளவுக்குள் பாலை நிறுத்தி, அதையும் சாப்பாட்டுக்குப் பிறகு டம்ளரில் கொடுத்தாலே பல வீடுகளில் மலமும் இளகும், சாப்பாட்டுத் தகராறும் குறையும்.

சில குழந்தைகளிடம் பால் வேறு விதமாகவும் வேலை செய்கிறது. 1998-ல் இத்தாலியின் பலேர்மோ நகர மருத்துவர்கள், மலமிளக்கி மருந்துகளுக்கும் மசியாத 65 குழந்தைகளைச் சோதித்தார்கள். சில நாட்கள் பசும்பால், சில நாட்கள் சோயாப் பால். எது எப்போது என்று பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. சோயாப் பால் நாட்களில் 44 பேருக்குச் சிக்கல் தீர்ந்தது, பசும்பால் நாட்களில் ஒருவருக்குக்கூடத் தீரவில்லை. பாலின் புரதத்தை ஏற்காத உடல்கள் அவை. அவர்களில் பலருக்கு ஆசனவாயைச் சுற்றிச் சிவப்பும் வெடிப்பும் இருந்தன. ஆனால் இந்த 65 பேரும் எதற்கும் அடங்காத நிலையில் பெரிய மருத்துவமனைக்கு வந்தவர்கள். மலச்சிக்கல் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தக் கணக்கைப் பொருத்தக் கூடாது. வேறு எதுவும் பலன் தராதபோது, மருத்துவர் மேற்பார்வையில் இரண்டு முதல் நான்கு வாரம் பாலை நிறுத்திப் பார்க்கலாம் என்பதுதான் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைக் குடல்நோய் மருத்துவர் சங்கங்கள் 2014-ல் சொன்னது. அக்கம்பக்கத்தில் சொன்னார்கள் என்று வளரும் பிள்ளைக்குப் பாலை மொத்தமாக நிறுத்துவது ஆபத்தான யோசனை.

ஒரு வயதுக்கு உட்பட்டோரிடம் கதை இன்னும் நுட்பமானது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒவ்வொரு முறை குடித்ததும் போகலாம். வாரம் ஒருமுறைகூடப் போகலாம். மலம் இளக்கமாக இருந்து, எடை ஏறிக்கொண்டிருந்தால் அது மலச்சிக்கலே அல்ல. பால் பவுடருக்கு மாறியதும் கெட்டிப்படுவது பல தாய்மார்கள் கண்கூடாகக் கண்டது. அதற்கான வேதியியல் அழகானது. தாய்ப்பால் கொழுப்பில் பால்மிட்டிக் அமிலம் கொழுப்பு மூலக்கூறின் நடு இடத்தில் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கிறது. செரிமான நொதி மூலக்கூறின் இரு முனைகளையும்தான் வெட்டும். நடுவில் இருப்பது பத்திரமாக உறிஞ்சப்படும். பாமாயில் சேர்த்த பவுடர்களில் அதே அமிலம் பெரும்பாலும் முனைகளில் இருக்கிறது. நொதி வெட்டியதும் தனியே பிரிந்து, பாலில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து நீரில் கரையாத ஒரு சோப்பாக மாறிவிடுகிறது. துணி துவைக்கும் சோப்பும் வேதியியலில் இதே குடும்பம்தான். மலம் கெட்டிப்படுவதோடு கால்சியமும் வீணாகிறது. இதன் மேல், சத்து கூடட்டும் என்று டப்பாவில் சொன்னதைவிட ஒரு கரண்டி பவுடரைக் கூடுதலாகப் போடும் பழக்கமும் சேர்ந்தால் குழந்தை படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

பழங்களுக்கு வருவோம். ஆப்பிள், பேரி, பிளம்ஸ் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். இலையில் தயாரிக்கும் இனிப்பை இவை பெருமளவு சார்பிட்டால் வடிவில் பழத்துக்கு அனுப்புகின்றன. நம் சிறுகுடல் சார்பிட்டாலை மெதுவாகவும் அரைகுறையாகவும்தான் உறிஞ்சும். மிச்சம் நீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகிறது. மேலைநாடுகளில் குழந்தைகளுக்கு உலர்ந்த பிளம்ஸ் சாறு கொடுப்பது இதனால்தான். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் விளைந்து, பருவத்தில் தள்ளுவண்டிகளில் கூறுகட்டி விற்கும் பேரிக்காயிலும் பிளம்ஸிலும் இதே சரக்கு இருக்கிறது. தோலோடு கொடுத்தால் நாரும் சேரும். உலர்திராட்சையை இரவு ஊறவைத்து அந்த நீரை மட்டும் கொடுப்பது நம் வழக்கம். ஊறிய பழத்தையும் மசித்துச் சேர்த்துக் கொடுத்தால்தான் நார் உள்ளே போகும்.

வாழைப்பழம் என்றால் எல்லாருக்கும் மலமிளக்கி. எந்த வாழை, எந்தப் பதத்தில் என்பதில் இருக்கிறது விஷயம். நன்கு கனிந்த பழம் உதவும். காயாகவோ செங்காயாகவோ இருந்தால் அதன் மாவுச்சத்தும் துவர்ப்பும் மலத்தை இறுக்கும். டாக்காவில் தீராத வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காயைக் கொடுத்துப் போக்கை நிறுத்திய ஆய்வு 2001-ல் வெளியானது. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் கைக்குழந்தைக்கு வாழைக்காயை உலர்த்திப் பொடித்துக் கூழ் காய்ச்சித் தருவார்கள். நல்ல உணவுதான், ஆனால் ஏற்கெனவே கெட்டியாகப் போகும் குழந்தைக்கு அதைச் சில நாள் நிறுத்திவிட்டு, கனிந்த மட்டிப்பழத்துக்கு மாறுவது நல்லது.

அட்டைப்பெட்டிச் சாறுகளால் இந்த விஷயத்தில் சொல்லும்படியான பயனில்லை. மாம்பழப் பானம் என்று விற்பதில் பெரும்பகுதி சர்க்கரைத் தண்ணீர். சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், பசியையும் கெடுக்கும். ஒரு வயதுக்குள் பழச்சாறே வேண்டாம், மூன்று வயது வரை நாளுக்கு 120 மில்லிக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017-ல் அறிவுறுத்தியது. டீயில் பிஸ்கட்டைத் தோய்த்து ஊட்டும் பழக்கம் அதைவிட மோசம். டீயின் துவர்ப்புப் பொருள் உணவில் உள்ள இரும்பையும் உடலில் சேரவிடாது.

கெட்டியாகிப் பல வாரம் ஆகிவிட்ட குழந்தையின் மலக்குடலில் பெரிய கட்டி தேங்கி, சுவர் விரிந்து, உந்துதலே உணராத நிலை வந்திருக்கும். கட்டியைச் சுற்றிக்கொண்டு நீர்மலம் ஜட்டியில் கசியும். "வயித்தால போகுது" என்று நினைத்துப் போக்கை நிறுத்தும் மருந்தைக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அது நிலைமையை இன்னும் கெடுக்கும். இந்தக் கட்டத்தில் கொய்யாவையும் கீரையையும் கூட்டினால் அடைப்புக்கு மேல் இன்னும் பாரம் ஏறுமே தவிர இளகாது. முதலில் மருந்தால் கட்டியை வெளியேற்ற வேண்டும். இந்தியக் குழந்தைக் குடல்நோய் மருத்துவர்கள் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு வயதுக்கு மேல் பாலிஎத்திலீன் கிளைக்காலையும், அதற்குக் கீழ் லாக்டுலோஸ் போன்றவற்றையும் முதல் தேர்வாகச் சொல்கிறது. இரண்டும் பேரிக்காயின் சார்பிட்டால் செய்வதையே இன்னும் உறுதியாகச் செய்பவை: சிறுகுடலில் உறிஞ்சப்படாமல், நீரைப் பிடித்துக்கொண்டு பெருங்குடல் வரை போகின்றன.

வீட்டு வைத்தியத்தில் சிலவற்றை விட்டுவிடத்தான் வேண்டும். வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவிக் கைக்குழந்தையின் ஆசனவாயில் வைப்பதும், சோப்புத் துண்டைச் சீவி வைப்பதும் அப்போதைக்கு மலத்தை வரவைக்கும். மெல்லிய தோல் எரிந்து புண்ணானால், தொடக்கத்தில் பார்த்த பயத்துக்கு நாமே விதை போட்டதாகிவிடும். வாயில் விளக்கெண்ணெய் ஊற்றும்போது திமிறும் குழந்தையின் நுரையீரலுக்குள் எண்ணெய் போனால் நிமோனியா வரும். தேன் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை என்று தேனைத் தொட்டு வைக்கிறோம். தேனில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குடலில் முளைத்து, நரம்பைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கலாம். அரிதுதான். ஆனால் அதன் முதல் அறிகுறி பல நேரம் மலச்சிக்கலே. பிறகு உறிஞ்சிக் குடிக்கும் பலம் குறையும், இமை தொங்கும், அழுகை நலிந்துபோகும். மலம் போகவில்லையே என்று மேலும் தேனைத் தடவுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

பிறந்து 48 மணிநேரமாகியும் முதல் கருமலம் போகாதது, வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுப்பது, எடை ஏறாதது, மலத்தோடு அதிக ரத்தம் போவது ஆகியவை உணவால் வருபவை அல்ல. உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை.

பல் துலக்கியதும் வேனில் ஏற்றி அனுப்பப்படும் எல்கேஜி பிள்ளைக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் தானாக அசையும். காலை உணவுக்குப் பிறகு அந்த அசைவு நல்ல வலுவோடு வரும். அந்த நேரத்தில் பிள்ளை வேனில் உட்கார்ந்திருக்கிறது. அரைமணி முன்னதாக எழுப்பி, சாப்பிட வைத்து, பத்து நிமிடம் கழிவறையில் உட்கார வைத்தால் குடல் தரும் அந்த இலவச உதவி வீணாகாது. மேற்கத்திய கழிப்பறையானால் காலுக்குக் கீழே ஒரு முக்காலி; கால் தொங்கினால் முக்க வலு கிடைக்காது.

மருந்து தொடங்கிய பத்தாம் நாள் பிள்ளை அழாமல் போய்வந்ததும் பாட்டிலை அலமாரியில் வைத்துவிடுவதுதான் மீண்டும் மீண்டும் நடக்கும் தவறு. "பழக்கமாயிடும்னு பயமா இருக்கு" என்பார்கள். இந்த மருந்துகளுக்குக் குடல் அடிமையாவதில்லை. விரிந்துபோன மலக்குடல் பழைய அளவுக்குச் சுருங்கவும், போனால் வலிக்காது என்று குழந்தையின் மனம் நம்பவும் மாதங்கள் பிடிக்கும். குறைந்தது இரண்டு மாதமாவது தொடர வேண்டும். அறிகுறிகள் முற்றிலும் நீங்கி ஒரு மாதமான பிறகு மருத்துவர் சொல்படி சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். வடிகட்டாத கூழுக்கும், மசித்த பயறுக்கும், அளவான பாலுக்கும் குழந்தையின் நாக்கைப் பழக்க அந்த மாதங்கள்தான் சரியான நேரம்.